வழக்கு ஒழியாத சொற்கள்

வில்லன் யார் என்று கேட்டால் எங்கள் காலனியில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நம்பியார்தான் வில்லன். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ 1965-இல் வந்த படம். எங்கள் பக்கத்து டெண்ட் கொட்டாய்க்கு அது பல வருஷம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. எம்.ஜி.ஆர். சவுக்கை எடுத்து நம்பியாரை விளாசுகிற இடம் வந்தால் எங்கள் ஆயா மணல் தரையிலிருந்து எழுந்து நின்றுவிடுவாள். ‘இன்னும் ரெண்டு போடு சாமி’ என்று கத்துவாள். ஆயாவின் முதுகுக்குச் சவுக்கு என்றால் என்ன என்று தெரியும். ஆண்டை வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளியே வயசானவள் அவள்.

அந்த ஆயா செத்துப் பல வருஷம் கழித்துத்தான் எனக்கு ஒரு சங்கதி தெரிந்தது. வில்லன் என்ற இங்கிலீஷ் சொல் பிறந்தபோது சவுக்கு வைத்திருந்தவனுக்கு அந்தப் பேர் இல்லை. அடி வாங்கினவனுக்குத்தான் அந்தப் பேர். வில்லன் என்றால் பண்ணையாள். லத்தீனில் வில்லா என்றால் பண்ணை. பண்ணையோடு கட்டிப்போடப்பட்டவன் வில்லன். அப்படிப் பார்த்தால் எங்கள் தாத்தா வில்லன், ஆயாவும் வில்லன், சேரியே வில்லன்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். நான் காலேஜ் படித்தவள் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யும் இங்கிலீஷ் டைப் லோயரும்தான் என் படிப்பு. எங்கள் நிலம் போன பிறகு நைனா ஓசூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடை போடுகிற வேலைக்குப் போனார். சிப்காட்டிலிருந்து லோடு லோடாகக் காகிதம் வரும். அட்டைப் பெட்டி, பில் புக்கு, ஆபீஸ் பைல். ஒரு நாள் அதில் ஒரு தடிமனான இங்கிலீஷ் அகராதி வந்தது. அட்டையும் முன்பக்கங்களும் இல்லை. பி எழுத்தின் நடுவில் தொடங்கும், டபிள்யூ-வில் அறுந்துவிடும். யார் போட்டது, எந்த வருஷத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ‘டைப்பிங் போற புள்ள, வச்சிக்க’ என்று நைனா கொண்டுவந்து கொடுத்தார். முதலாளியிடம் அதற்கு எடை போட்டு, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

அந்தப் புத்தகத்தில் சில அர்த்தங்களுக்குப் பக்கத்தில் ‘ஆப்ஸ்.’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பெயர்ச்சொல், வினைச்சொல் மாதிரி இதுவும் இலக்கணத்தில் ஒரு வகை என்று நினைத்திருந்தேன். இன்ஸ்டிடியூட் மாஸ்டரிடம் கேட்டேன். ‘ஆப்சலீட்மா. வழக்கொழிஞ்ச சொல்லு. பரீட்சைக்கு வராது, உனக்கு எதுக்கு அது?’ என்றார். பரீட்சைக்கு வராது என்று சொன்ன அன்றுதான் எனக்கு அதன்மேல் ஆசை வந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில் ‘ஆப்ஸ்.’ போட்ட சொல்லாகப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். பிறகு மனு டைப் அடிக்கும் தொழிலுக்கு வந்து, நூலகத்தில் பெரிய புத்தகங்களைப் பார்த்து நோட்டைத் திருத்திக்கொண்டேன். ஆக்ஸ்போர்டு பேரகராதி என்று ஒன்று இருக்கிறது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்தது. அதில் வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் ஒரு சின்னக் குத்துவாள் படம் போடுவார்கள். செத்துப்போனது என்று அதற்கு அடையாளம்.

நோட்டில் எழுதியதில் கொஞ்சம் சொல்கிறேன். வில்லன் என்கிற பண்ணையாள் ஆண்டையைக் கேட்காமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது. மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்றால் ஆண்டைக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்கு ‘மெர்செட்’ என்று பேர். அவன் செத்தால் வீட்டில் இருக்கிற நல்ல மாட்டை ஆண்டை ஓட்டிக்கொண்டு போவான். அதற்கு ‘ஹெரியட்’ என்று பேர். இந்த இரண்டு சொல்லும் இன்றைக்கு இங்கிலீஷ்காரனுக்கே தெரியாது. சரித்திரம் படித்தவனுக்குத்தான் தெரியும். ‘நேவ்’ என்றால் முதலில் பையன், பிறகு வேலைக்காரப் பையன், கடைசியில் அயோக்கியன். ‘பூர்’ என்று ஒரு சொல். ஏழை என்று அர்த்தம் தருகிற சொல் இல்லை, இது வேறு. உழுகிறவன் என்பது அதன் பழைய அர்த்தம். இப்போது நாகரிகம் தெரியாதவன். ‘சர்ல்’ என்றால் சாதாரணக் குடியானவன். அதுவும் முரடன் என்று ஆகிவிட்டது. மேலே இருந்தவன் சொல்லெல்லாம் வேறு பக்கம் போயிருக்கிறது. ‘நோபிள்’, ‘ஜென்டில்’ என்றால் பிறப்பால் உயர்ந்தவன். அது நல்ல குணம் உள்ளவன் என்று ஆனது. சி.எஸ். லூயிஸ் என்ற பேராசிரியர் சொற்களைப் பற்றி 1960-இல் எழுதிய புத்தகத்தில் இதைத் தனியாக எடுத்துப் பேசியிருக்கிறார். அந்தஸ்தைச் சொன்ன சொல் குணத்தைச் சொல்கிற சொல்லாக மாறிவிடும் என்கிறார். சேரியில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லப் பேராசிரியர் வர வேண்டியதில்லை. ‘சண்டாளி’ என்று திட்டுகிறவள் யாரைச் சொல்லித் திட்டுகிறாள் என்று யோசிக்கிறாளா? நகரத்தில் இருந்தால் நாகரிகம், பட்டிக்காட்டில் இருந்தால் பட்டிக்காட்டான். புறம்போக்கு என்பது ரெவின்யூ கணக்கில் நிலத்தின் வகை. தெருவில் அது ஒருத்தனைக் கேவலப்படுத்துகிற பேர்.

இதுவரைக்கும் அவர்கள் கதையும் நம் கதையும் ஒன்றுபோல இருக்கும். அப்புறம்தான் பிரிகிறது. இங்கிலாந்தில் 1381-இல் பண்ணையாட்கள் கலகம் செய்தார்கள். பல ஊர்களில் பண்ணைக் கணக்குச் சுருள்களைத் தேடித் தேடி எரித்தார்கள். இவன் அடிமை, இவன் மகன் அடிமை என்று எழுதி வைத்தது அந்தச் சுருளில்தானே. ராஜாவுக்கு அப்போது வயது 14. விடுதலை என்று எழுதிக் கொடுத்தான். கலகம் அடங்கியதும் இல்லை என்று சொல்லிவிட்டான். ஆனாலும் 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே பண்ணையடிமை ஏறக்குறைய இல்லாமல் போனது. வில்லன் என்ற சொல் மட்டும் வெறும் வசவாக மிஞ்சி, நாடகத்துக்குப் போய், சினிமாவுக்கு வந்து, நம்பியார்மேல் ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லைக் கேட்டு இன்றைக்கு எந்த இங்கிலீஷ்காரனும் ‘என் தாத்தாவைச் சொல்கிறாயா’ என்று சண்டைக்கு வருவதில்லை. ஆள் எழுந்து போய்விட்டான், சொல் அங்கேயே கிடக்கிறது.

இங்கே எப்படி? எங்கள் பக்கத்தில் மூன்று பாஷை. சந்தையில் ஒரே ஆள் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் திட்டிவிட்டுப் போவான். ஜீதம் என்று ஒரு சொல் உண்டு. தெலுங்கில் ஜீதம் என்றால் சம்பளம். கன்னடத்தில் ஜீதம் என்றால் கொத்தடிமை. தாத்தாவை ஜீதக்காரன் என்பார்கள். சம்பளம் என்ற அர்த்தம் தெலுங்கோடு நின்றுவிட்டது, அவருக்கு வந்ததெல்லாம் கன்னட அர்த்தம்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதற்குப் பிறகும் ஆண்டை வீட்டு வாசலில் அவர் ‘சாமி’ என்றுதான் நின்றார். என் அத்தை ஒரு நகராட்சியில் மலம் அள்ளினாள். அவள் ஆர்டரில் ‘ஸ்கேவஞ்சர்’ என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லையும் நோட்டில் எழுதி வைத்தேன். பழைய லண்டனில் வெளியூர் வியாபாரிகள் கொண்டுவரும் சரக்கைப் பார்த்து வரி வாங்கிய அதிகாரிதான் அந்தப் பேர்க்காரன். பிறகு தெருச் சுத்தத்தை மேற்பார்க்கிற பொறுப்பு அவனுக்கு வந்தது. அப்புறம் சுத்தம் செய்கிறவனுக்கே அந்தப் பேர் ஆனது. வரி வாங்கிய அதிகாரியின் பேர் கப்பல் ஏறி வந்து என் அத்தை தலையில் கூடையோடு உட்கார்ந்தது. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம், இரண்டிலும் அந்த இங்கிலீஷ் சொல் இருக்கிறது. தமிழில் தோட்டி, துப்புரவுத் தொழிலாளி, 2020-லிருந்து தூய்மைப் பணியாளர். பேர் சுத்தமாகிக்கொண்டே போகிறது. செப்டிக் டேங்கில் இறங்குகிறவன் சாதி மட்டும் மாறவில்லை.

அவர்களிடம் ஆள் போய்விட்டான், சொல் இருக்கிறது. நம்மிடம் சொல் போய்க்கொண்டே இருக்கிறது, ஆள் அதே இடத்தில் நிற்கிறான். நோட்டு எழுதி நான் கண்டுகொண்டது இதைத்தான்.

இதில் நம் சொல் ஒன்றை இங்கிலீஷ்காரனும் எடுத்துக்கொண்டு போனான். பறை என்ற சொல்லிலிருந்து வந்த நம் பேரை ‘பரையா’ என்று ஆக்கினான். கர்னல் யூலும், தஞ்சாவூரில் வேலை பார்த்த பர்னலும் சேர்ந்து இந்திய வழக்குச் சொற்களுக்கு ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்று ஓர் அகராதி செய்தார்கள். அது 1886-இல் வந்தது. தெரு நாய்க்கும் பருந்துக்கும் மட்டமான சாராயத்துக்கும் வெள்ளைக்காரன் நம் பேரை அடைமொழியாக வைத்துக்கொண்டதை அதில் பார்க்கலாம். இன்றைக்கும் ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கி வைத்தால் இங்கிலீஷ் பேப்பரில் அந்த நாட்டுக்கு நம் பேரைத்தான் போடுகிறார்கள். படித்தவர்கள் கூசாமல் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு எந்த அகராதியிலும் குத்துவாள் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்று பேர் வைத்தே பத்திரிகை நடத்தினார். ஒளிந்துகொள்ள மாட்டேன் என்று சொல்கிற துணிச்சல் அது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். ஒவ்வொரு சொல்லாகத் தோண்டி, இது எப்போது இழிவானது, யார் இழிவாக்கினார்கள் என்று கேட்டார். நம் ஆட்கள் சொல்லுக்குள் போவது புதிது இல்லை.

இனி எங்கள் நிலத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சொன்னது அதற்காகத்தான்.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் முன்னே சேலம் ஜில்லா. 1965-இல் தர்மபுரி பிரிந்தது, 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. திப்புவிடமிருந்து 1792-இல் பாராமகாலைக் கம்பெனிக்காரன் வாங்கியதும் கர்னல் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் வந்து நிலம் அளந்தார்கள். ரயத்துவாரி என்கிற முறை உருவானது இங்கேதான். நிலத்துக்கு உடையவன் என்று கணக்கில் ஏறினவனுக்குப் பேர் ரயத்து. உழுத சேரிக்காரன் பெரும்பாலும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. நூறு வருஷம் கழித்து, 1891-இல், செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் சேரி மக்கள் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் இவர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று சொன்னார். அதன்மேல் 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை வந்தது. அதன் வழியில், தீர்வை ஏற்பட்ட தரிசு நிலங்களை நம் மக்களுக்கு ஒப்படை செய்தார்கள். மாகாணம் முழுக்கப் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பஞ்சமருக்குக் கொடுத்ததால் பஞ்சமி நிலம். பிறகு வந்த ஒப்படைகளில் பஞ்சமர் என்ற இடத்தில் ‘டிப்ரஸ்டு கிளாசஸ்’ என்று எழுதினார்கள். சுருக்கமாக டி.சி. அந்த நிலத்தைப் பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் இன்னொரு தாழ்த்தப்பட்டவருக்குத்தான் கொடுக்கலாம். மீறினால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் தாத்தாவின் அப்பாவுக்கு அப்படி இரண்டு ஏக்கர் பதினாறு சென்ட் கிடைத்தது. கல்லுக் காடு. ராகியும் அவரையும் கொள்ளும்தான் விளையும். ஆனாலும் வருஷத்தில் ஆறு மாசக் களி அதிலிருந்து வந்தது. ஆண்டை வீட்டுக்குப் போகாத நாளும் அந்தக் காட்டால்தான் எங்களுக்கு இருந்தது. தாத்தாவிடம் ஒரு மரப்பெட்டி. அதில் பழுத்துப்போன காகிதம் ஒன்று. படிக்க யாருக்கும் தெரியாது. மேலே டி.சி. என்று இரண்டு எழுத்து இருந்ததைக் கர்ணம் ஒருத்தர் படித்துச் சொன்னது மட்டும் தாத்தாவுக்கு ஞாபகம்.

ஓசூரில் சிப்காட் வந்தது. எழுபதுகளின் கடைசியில் நிலத்துக்கு விலை வந்தது. ஒரு புரோக்கர், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள், எங்கள் காலனிக்கு வந்தான். கர்நாடகத்தில் கலெக்டருக்குக் கலெக்டர் என்று பேர் இல்லை. டெபுடி கமிஷனர் என்று பேர். டி.சி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் சனம் பாதிப் பேர் ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்கள். டி.சி. என்றால் யார் என்று அவர்களுக்குத் தெரியும். புரோக்கர் காகிதத்தைப் பார்த்தான். நான் அப்போது திண்ணையில் இருந்தேன், வயசு பத்து, பதினொன்று இருக்கும்.

‘டேய் கெழவா, இது டி.சி. நிலம்டா. டி.சி. சாயேபு நிலம். நீ சும்மா ஓட்டிக்கினு இருக்கிற. சிப்காட்டுக்கு வேணும்னா நாளைக்கே டி.சி. வந்து புடுங்கிக்குவாரு. ஒரு பைசா வராது. இப்பவே எழுதிக் குடுத்துடு, நான் பாத்துக்கறேன்.’

தாத்தா நைனாவைப் பார்த்தார். நைனா பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். ‘ஆமா, டி.சி.ன்னா கலெக்டர்தானே’ என்றார் அவர். ஏக்கருக்கு இரண்டாயிரம் ரூபாய் என்று வெள்ளைக் காகிதத்தில் தாத்தா கைநாட்டு வைத்தார். அந்தப் பழைய காகிதத்தையும் அவன் கேட்டான். தாத்தா கொடுத்திருப்பார். ஆயாதான், ‘அது எங்க மாமனார் காயிதம், அத்த எதுக்குக் குடுக்கறது’ என்று பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குச் சட்டம் தெரியாது. மாமனார் ஞாபகமாக வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நிலம் நாலு கை மாறியது. இன்றைக்கு அது ஒரு கம்பெனிக் கோடவுன். சுற்றிலும் சுவர். என் தம்பி காண்ட்ராக்டில் அந்தச் சுவருக்குள்ளே போய்ப் புல் வெட்டுகிறான். தாத்தா ராகி விதைத்த இடத்தில் ஏதோ அழகுப் புல். தண்ணீர் பாய்ச்சி வளர்த்து, வளர்ந்ததும் வெட்ட வேண்டுமாம்.

1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மேல் சுட்டார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். அதற்கு மறு வருஷம் என்று ஞாபகம், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் துண்டுப் பிரசுரம் கொடுத்தான். டி.சி. நிலம் என்றால் டிப்ரஸ்டு கிளாஸ் நிலம் என்று அதில் அச்சாகி இருந்தது. நான் ஓசூர் பஸ்ஸை விட்டுவிட்டு அதை நின்றபடி மூன்று தடவை படித்தேன். வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். தாத்தா அதற்குள் போய்விட்டார். நைனா பீடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

‘அப்ப, டி.சி. சாயேபுன்னு யாருமே இல்லியாமா?’

இத்தனை வருஷமாக யாரோ ஒரு பெரிய அதிகாரி தன் நிலத்தை எப்போதோ எடுத்திருப்பார், அதற்கு முன்னால் விற்றது நல்லதுதான் என்று அந்த மனுஷன் மனசைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு எழுத்துக்கு அர்த்தம் தெரியாமல் நிலம் போனது ஒரு பக்கம். தெரிந்த பிறகு அந்தத் தேறுதலும் போய்விட்டது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கே தோன்றியது.

பிறகு இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கர்நாடகத்தில் 1978-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். தலித்துக்கும் பழங்குடிக்கும் அரசாங்கம் கொடுத்த நிலத்தை நிபந்தனை மீறி யார் வாங்கினாலும் அந்தக் கிரயம் செல்லாது, நிலத்தை மீட்டு உரியவரிடம் கொடுக்கலாம். அத்திப்பள்ளி எங்கள் பக்கத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அந்தப் பக்கம் கை வைக்கப் பயந்துதான் அவன் இந்தப் பக்கம் வந்தானோ என்னவோ.

அன்றைக்கு ராத்திரியே அட்டை இல்லாத என் அகராதியில் ‘டிப்ரஸ்’ என்ற சொல்லைத் தேடினேன். கீழே அழுத்து என்று முதல் அர்த்தம். இன்னோர் அர்த்தத்துக்குப் பக்கத்தில் ‘ஆப்ஸ்.’ இருந்தது. பலத்தால் அடக்கு, போரில் தோற்கடி. வழக்கொழிந்த அந்த அர்த்தத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் தோற்கடிக்கப்பட்ட பௌத்தர்கள் என்று அயோத்திதாசர் சொன்னார். தோற்றுச் சிதறிய மக்கள்தான் தீண்டப்படாதவர் ஆனார்கள் என்று அம்பேத்கர் 1948-இல் புத்தகமே எழுதினார். வெள்ளைக்காரன் இதெல்லாம் நினைத்து அந்தச் சொல்லைப் போட்டிருக்க மாட்டான். ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு வாக்குமூலம் இருக்கிறது. அழுத்தப்பட்டவன் என்றால் அழுத்தினவன் ஒருத்தன் இருக்க வேண்டும். தாழ்ந்தவன் வேறு, தாழ்த்தப்பட்டவன் வேறு என்று நாம் சொல்வது இதைத்தானே.

அம்பேத்கருக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வட்டமேசை மாநாட்டுக்கு 1931-இல் கொடுத்த குறிப்பில் அந்தப் பேரை மாற்றச் சொன்னார். அது கேவலப்படுத்துகிறது, கையாலாகாத சனம் என்று நினைக்க வைக்கிறது என்பது அவருடைய கோபம். அது நியாயமான கோபம். சென்னையில் எம்.சி. ராஜா 1922-இலேயே சட்டசபையில் பேசி ஆதிதிராவிடர் என்ற பேரை வாங்கினார். 1935 சட்டத்தில் ‘ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்’ வந்தது. அட்டவணைச் சாதி. அட்டவணையில் அழுத்தினவன் இல்லை, அழுத்தப்பட்டவனும் இல்லை, வெறும் வரிசைதான் இருக்கிறது. டி.சி. என்ற சொல்லுக்கு அத்தோடு சர்க்காரில் குத்துவாள் விழுந்தது. ஆனால் பழைய ‘ஏ’ ரிஜிஸ்டரில், குறிப்புக் கட்டத்தில், அந்த இரண்டு எழுத்தும் உயிரோடு இருந்தன. எண்பதுகளில் யூ.டி.ஆர். என்று பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். எங்கள் சர்வே நம்பருக்கு எதிரே புதுப் பதிவேட்டில் அந்த இரண்டு எழுத்து ஏறவில்லை. இப்போது கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தால் ரயத்துவாரி என்று வருகிறது. ரீடும் மன்றோவும் விட்டுப்போன சொல் இருநூறு வருஷம் தாண்டிப் பத்திரமாக இருக்கிறது. நமக்கு நிலம் தந்த சொல்லைத்தான் காணவில்லை.

தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்த பிறகு பழைய ரிஜிஸ்டர் நகல் கேட்டு எழுதினேன். எந்த ஆபீஸ் என்று இங்கே வேண்டாம். நாலு தடவை எழுதிய பிறகு பதில் வந்தது: டி.சி. என்கிற குறிப்பு நடப்புப் பதிவேட்டில் காணப்படவில்லை. நேரில் போய்க் கேட்டேன். அந்த சார் மரியாதையாகத்தான் பேசினார். ‘ஏம்மா, அது வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷு. இப்பல்லாம் யாரும்மா அத யூஸ் பண்றாங்க? பொழக்கத்துல இல்லாத வார்த்தைய வச்சிக்கினு என்ன பண்ணுவ?’

எனக்கு டைப்பிங் மாஸ்டர் ஞாபகம் வந்தார். பரீட்சைக்கு வராது என்று அவர் சொன்னது. ‘சார், வார்த்தை பொழக்கத்துல இல்ல, சரி. நாங்க இருக்கிறோமே’ என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆயா உட்கார்ந்து காப்பாற்றிய காகிதத்தின் நகலை வைத்து இப்போது மறுபடி மனுப் போட்டிருக்கிறோம். எங்களோடு சேர்ந்து இன்னும் ஏழு குடும்பம். என் தம்பி மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். மனுவைக் கம்ப்யூட்டரில் அடித்தது அவள்தான். அடித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திச் சிரித்தாள். ‘அத்தை, டிப்ரஸ்டு கிளாஸ்னா என்னா அத்தை, மனசு சரியில்லாதவங்க கிளாஸா? எங்க காலேஜ்ல பாதிப் பேரு டிப்ரஸ்டுதான்.’ அவளுக்குத் தெரிந்த அர்த்தம் அது. நான் அட்டை இல்லாத அகராதியை எடுத்து ‘ஆப்ஸ்.’ போட்ட இடத்தைக் காட்டினேன். டி.சி. சாயேபு கதையைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தச் சொல் மனுவில் வருகிற இடமெல்லாம் கொட்டை எழுத்தாக்கினாள்.

தோழர்களே, நாம் பேரைப் பற்றி நிறைய விவாதம் செய்கிறோம். அரிஜன் வேண்டாம் என்றோம், சரி. ஆதிதிராவிடரா தலித்தா என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். இழிவான சொல்லை யாரும் சுமக்க வேண்டாம். ஆனால் ஒரு சொல்லைப் புதைப்பதற்கு முன்னால் அதன் மடியில் என்ன முடிந்து வைத்திருக்கிறது என்று அவிழ்த்துப் பாருங்கள். 1381-இல் இங்கிலீஷ் பண்ணையாட்கள் காகிதத்தை எரித்தார்கள். அந்தக் காகிதம் அவர்களைக் கட்டிவைத்தது. நம் கதை வேறு. நம் காகிதத்தை எரிக்கவும் அழிக்கவும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாம் காப்பாற்றுகிற கட்சி.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரின் பழைய ‘ஏ’ ரிஜிஸ்டர் நகலையும், வீட்டில் பெட்டியில் கிடக்கிற காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள். டி.சி. என்றோ பஞ்சமர் என்றோ இருக்கிறதா? ‘கண்டிஷனல் அசைன்மென்ட்’ என்று இருந்தால் நிபந்தனை ஒப்படை என்று அர்த்தம். ‘ஏலியனேஷன்’ என்று இருந்தால் நம் மார்க்சியத் தோழர்கள் எழுதுகிற அந்நியமாதல் இல்லை. விற்பது, அடமானம் வைப்பது, தானம் கொடுப்பது, பத்திரத்தில் பராதீனம் என்பார்களே, அது. ‘ரிசம்ஷன்’ என்றால் நிபந்தனை மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்வது. ‘அசெஸ்டு வேஸ்ட்’ என்றால் குப்பை நிலம் இல்லை, தீர்வை ஏற்பட்ட தரிசு. இந்தச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி உங்கள் காலனிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பரீட்சைக்கு வராதுதான்.

நைனா இப்போது இல்லை. எங்கள் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ‘வழக்கு ஒழிந்த சொல்’ என்று டைப்பிங் மாஸ்டர் சொன்னாரே, தமிழில் வழக்கு என்பதற்குக் கோர்ட்டு வழக்கு என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறது. அந்த அர்த்தத்தில் எங்களுக்கு இது இன்னும் ஒழியவில்லை.